படத்தில் மட்டும் இருந்த புள்ளி

வானியல் ஆராய்ச்சி என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்களா மேடம்?" இல்லை. நான் பகலில்தான் வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலத்து நெரிசலில் வியர்த்து வழிந்து, கல்லூரிக்கு வந்து பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வெப்பவியல் எடுக்கிறேன். நடுவில் கிடைக்கிற நேரத்தில் இயற்பியல் துறையின் மூலையில் இருக்கும் கணினியில் வானத்தைப் பார்க்கிறேன். அந்தத் தொலைநோக்கியை நான் தொட்டதில்லை. அது பூமியிலேயே இல்லை. அது எடுத்த படங்கள் சில மாதங்களில் பொதுவுக்கு வந்துவிடும். பார்க்கத் தெரிந்த யாரும் பார்க்கலாம். எனக்குப் பார்க்கத் தெரியும். இதை அடக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்தேன், அதனால் இனிமேல் அடக்கமாகச் சொல்வதாக இல்லை.

நான் தேடுவது பழுப்புக் குள்ளன்களை. நட்சத்திரமாகப் பிறக்கப் போய், போதிய எடை சேராமல், உள்ளே அடுப்பு பற்றாமலே நின்றுபோனவை. துறையில் எனக்குக் 'குள்ளன் மேடம்' என்று பெயர். எனக்குத் தெரியாதென்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குள்ளன்களிலும் ஆகச் சிறியது எது என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு வாயு மேகம் நட்சத்திரங்களைப் பெற்றுப் போடும்போது எவ்வளவு சின்னது வரை பெற்றுப் போடும்? வியாழனைப் போலப் பத்து மடங்கா, ஐந்தா, இரண்டா? ஏதாவது ஓர் எடைக்குக் கீழே நின்றுவிடுமா? இதைத் தெரிந்துகொள்ள இளம் மேகங்களுக்குள்தான் போக வேண்டும். பிறந்த புதிதில் அவற்றுக்குச் சூடு இருக்கும், அகச்சிவப்பில் மங்கலாகவாவது தெரியும். வயதாகிவிட்டால் ஆறிப்போய் இருந்த இடம் தெரியாது.

இதில் ஏமாறுவது சுலபம். மேகத்துக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் இருக்கிற சாதாரண நட்சத்திரம், தூசி வழியாகத் தெரியும்போது சிவந்து மங்கி அச்சு அசல் குள்ளன் மாதிரியே நிற்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நீராவி. நிஜக் குள்ளனின் காற்றில் நீராவி உண்டு. அது குறிப்பிட்ட அலைநீளத்து ஒளியை விழுங்கிவிடும். ஆகவே ஒரே இடத்தை இரண்டு ஒளி வடிகட்டிகளில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, நீராவி விழுங்குகிற வடிகட்டியில் மட்டும் மங்குகிற புள்ளியைத் தேடுவோம். தூசியால் சிவந்த நட்சத்திரம் இந்தச் சோதனையில் தேறாது.

எங்கள் குழுவில் இந்த வேலையை முதலில் ஒரு மென்பொருள் செய்யும். மேகத்தின் பிரகாசம் அதிகமான இடங்களில் அது திணறிவிடும், சந்தேகப்பட்டதையெல்லாம் கழித்துப் போடும். கழித்துப் போட்டதைக் கண்ணால் பார்க்க மூன்று பேர். இரண்டு பேர் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள். மூன்றாவது ஆள் நான். குழுத் தலைவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கும் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு கருத்தரங்கில் நான் கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது.

போன ஆடி மாதத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் புள்ளி கிடைத்தது. மேகத்தின் விளிம்பில், ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. நீராவி வடிகட்டிக்கு மாற்றினேன், மங்கியது. திரும்ப மாற்றினேன், வந்தது. அந்த மேகத்தின் வயதை வைத்துக் கணக்குப் போட்டால் வியாழனைப் போல மூன்று நான்கு மடங்கு எடைதான் தேறும். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வகுப்புக்கு மணி அடித்தது. போய் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சொல்லிக்கொடுத்தேன், என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எட்டு மாதம் அந்தப் புள்ளிதான் என் வாழ்க்கை. அது நிஜமாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நிஜம் என்று நிரூபிக்க அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றில் நேரம் கேட்க வேண்டும். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் மோதுகிற இடம் அது. முதல் முறையாக என் பெயரைத் தலைமையில் போட்டு அந்தக் கோரிக்கையை எழுதினேன். குழுத் தலைவர் படித்துவிட்டு, "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு, அனுப்பிடலாம்" என்றார். திருச்சியில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கும் பெண் சொன்ன இடத்துக்கு, அவ்வளவு பெரிய கண்ணாடி திரும்பிப் பார்க்கப் போகிறது. கர்வப்படாமல் இருக்க நான் ஒன்றும் சந்நியாசி இல்லை.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தினமும் விடியற்காலையில் பெருமாள் சேவிக்கப் போவார், திரும்பி வருவதற்குள் உத்தர வீதி முழுக்கச் செய்தி பரவிவிடும். "எங்காத்துக் குழந்தை ஆகாசத்திலே புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா. நட்சத்திரமும் இல்லே, கிரகமும் இல்லே" என்று ஆரம்பித்துவிடுவார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்பா, இன்னும் உறுதியாகலை. யார்கிட்டயும் சொல்லாதீங்கோ." அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே. கோயிலில் யாராவது என்னைக் கண்டால், "என்னம்மா, உன் நட்சத்திரம் சௌக்கியமா?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

கல்லூரியிலும் விஷயம் கசிந்தது. தர ஆய்வுக் குழு ஒன்று வரப்போகிற நேரம். எங்கள் துறைத் தலைவருக்கு இந்தப் புள்ளி தெய்வமே அனுப்பி வைத்தது போல இருந்திருக்கிறது. பாராட்டு விழா, சிறப்பு விருந்தினர், வாசலில் ஃப்ளெக்ஸ் என்று அவரே முடிவு செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க மேடம், உக்காருங்க. ஃப்ளெக்ஸுக்கு ஒரு படம் வேணும். நீங்க கொடுத்தது தபால்தலை சைஸ்ல இருக்கு, அதுவும் கறுப்பு வெள்ளையா. கலரா, பெரிசா, பாக்கறவங்க அசந்து போற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"சார், இன்னும் நிறமாலையே எடுக்கலை. இப்போ விழா வேண்டாம்."

"நிறமாலை அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல பூமாலை போட்டுக்குங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

எனக்கு எரிச்சல். ஆனாலும் மறுநாள் காலை அந்தப் படத்துக்காக உட்கார்ந்தேன். குழுவின் சர்வரில் இருந்தவை எல்லாம் சிறு சிறு துண்டுகளாக வெட்டிய படங்கள். முழு மேகமும் தெரிகிற படம் வேண்டுமென்றால் பொதுவில் இருக்கும் மூலப்படத்தைத்தான் இறக்க வேண்டும். இறக்கினேன். சிவப்பும் நீலமும் கலந்து, மேகம் அழகாகத்தான் இருந்தது. புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம் என்று அந்த இடத்துக்குப் போனேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வடக்கு தெற்கு மாறியிருக்கலாம். பக்கத்து நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்தேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வேறு நாளில் எடுத்த படமோ என்று பார்த்தேன். அதே நாள், அதே வடிகட்டி, அதே படம். எங்கள் சர்வரில் இருப்பதில் புள்ளி இருக்கிறது, மூலத்தில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தேன். நட்சத்திரங்கள், மேகம், பின்னணியின் கரகரப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய், வெற்றுச் சாம்பல் திரையில் என் புள்ளி மட்டும் தனியாக நின்றது. வானத்தில் இருக்கிற எதற்கும் ஒரு கரகரப்பு உண்டு. இதற்கு இல்லை. அவ்வளவு சுத்தம். அதன் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கறை தெரிந்தது. அதே கறை அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் ஒரு பெரிய நட்சத்திரத்துக்கும் இருந்தது. யாரோ அந்த நட்சத்திரத்தை நகலெடுத்து, மங்கலாக்கி, என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நீராவி வடிகட்டியில் எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவு மங்கும்படியும் செய்திருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் குழுத் தலைவரைக் காணொலியில் பிடித்தேன். அவர் ஊரில் அப்போது காலை, காப்பிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர், "ஓ" என்றார்.

"ஓ-ன்னா என்ன அர்த்தம்?"

"டென்ஷன் ஆகாதீங்க. இது வழக்கமா செய்யறதுதான். தேடறவங்களுக்கு எவ்வளவு மங்கலானது வரைக்கும் தெரியுதுன்னு பாக்கறதுக்காக, படத்துல சில போலிப் புள்ளிகளை வைப்போம். வைக்கலைன்னா நம்ம தேடல் எவ்வளவு ஆழம்னு எப்படித் தெரியும்?"

எனக்கு அது தெரியாதா? மென்பொருளை அப்படித்தான் சோதிப்போம், நானே வைத்திருக்கிறேன். வைத்துவிட்டு, வைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜப்படத்துக்குத் திரும்புவோம். அதைச் சொன்னேன்.

"கரெக்ட். வச்சது நம்மகிட்ட இருந்த பையன். அவன் பாதியிலேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிட்டான். எங்க எங்க வச்சான்னு அவன் குறிச்சு வச்சதா தெரியலை. நிஜப்படம் இருக்க வேண்டிய ஃபோல்டர்ல போலி வச்ச படம் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். சொல்லணும்னு இருந்தேன், விட்டுப்போச்சு."

விட்டுப்போச்சாம். எட்டு மாதம். பேருந்தில், சமையலறையில், வகுப்பு நடுவில் என்று நான் மனசுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றைப் பற்றி, பால்காரனுக்குச் சொல்ல மறந்தது மாதிரி விட்டுப்போச்சு என்கிறார். அடுத்த வாரம் கோரிக்கை போயிருக்கும். நேரமும் கிடைத்திருந்தால், அந்தப் பெரிய தொலைநோக்கி என் பெயரைச் சொல்லிக்கொண்டு வெறும் இருட்டைப் பார்த்திருக்கும். முகத்தில் கரி யாருக்கு? படத்துக்குள் போலிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே கோரிக்கையைப் படித்து 'ஸ்ட்ராங்' என்றவருக்கா?

"கண்ணால பாக்கற மத்த ரெண்டு பேருக்கும் போலி இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அவங்க ரொம்ப வருஷமா இதுல இருக்கறவங்க..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அப்போதுதான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. சோதனை எல்லோருக்கும் இல்லை. சோதனை எனக்கு மட்டும். பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவனின் கண் கண். திருச்சிக் கல்லூரியில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணைப் பரீட்சை வைத்துத்தான் நம்ப வேண்டும். அதையும் முகத்துக்கு நேரே சொல்லாமல் செய்ய வேண்டும். "நான் என்ன சோதனை எலியா?" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார். "டெஸ்ட் வைங்க, வேண்டாம்னு சொல்லலை. டெஸ்ட் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்க. அது எங்கேன்னு நான் கேக்கவே மாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கூடவா நான் லாயக்கில்லை?"

"ஒரு விதத்துல இது நல்ல சேதிதான். அவ்வளவு மங்கலானதைக் கண்டுபிடிச்சீங்கன்னா, நீங்க பாஸ்."

பாஸாம். இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் திரும்ப அள்ள முடியாத வார்த்தைகள் வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தளிகை முடித்து, எனக்காக இலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கோயில்ல கேப்பாளே. நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"எட்டு மாசமா ஏமாந்தது நான். உங்களுக்குக் கோயில்ல என்ன சொல்றதுன்னு கவலையா?"

"நான் சொன்னது உன் பெருமையைத்தானேடி."

"சொல்லாதீங்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

அவர் எழுந்து போனார். இலையில் சாதம் ஆறியது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவர் மேல் கோபப்பட்டது நியாயமில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனால் கோபம் நியாயம் பார்த்துக்கொண்டா வருகிறது? கையெட்டும் தூரத்தில் அவர்தான் இருந்தார்.

மறுநாள் துறைத் தலைவர். அவருக்கு விளங்க வைப்பதற்குள் அரை மணி நேரமாயிற்று. விளங்கியதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், இதை எத்தனை பேர்ட்ட சொன்னீங்க?"

"காலேஜ்ல உங்ககிட்டத்தான்."

"நல்லது. அப்படியே இருக்கட்டும். ஆய்வுக் குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் மெதுவா, 'மேலும் ஆராய்ந்ததில்'னு ஏதாவது சொல்லிக்கலாம். வர்றவங்களுக்கு நிஜப் புள்ளி எது, போலிப் புள்ளி எதுன்னா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன மேடம், ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு."

அடித்துத்தான் விட்டார்கள். நான் படம் கொடுக்காததால் முன்பு கொடுத்த தபால்தலைப் படத்தையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கல்லூரி வாசலில் கட்டியிருந்தார்கள். கட்டம் கட்டமாகப் பிசிறடித்த சாம்பல் நடுவில் அந்தப் போலிப் புள்ளி, அதற்கு ஒரு சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் என் அடையாள அட்டைப் புகைப்படம். 'வானில் புதிய உலகம் கண்ட வீராங்கனை' என்று எழுதியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி அதன் முன்னால் நின்று பார்த்தேன். என்னை ஏமாற்றிய ஒன்றை என் முகத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போகாவிட்டால் அந்தப் பொய் என் பெயரிலேயே நிற்கும். போனேன். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் ஆர்யபட்டரிலிருந்து ஆரம்பித்துப் பேசினார். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். "வாசலில் இருக்கிற படத்தில் அம்பு காட்டுகிற இடத்தில், வானத்தில் எதுவுமே இல்லை" என்று ஆரம்பித்தேன். "அது கணினியில் வைத்த போலி. என்னைச் சோதிப்பதற்காக எனக்குத் தெரியாமல் வைத்தது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்த விழாவுக்குக் காரணமே இல்லை."

அரங்கம் முழுக்கக் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் பாதிப் பேர் கைபேசியில் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நான் தன்னடக்கமாகப் பேசுவதாகத் தோன்றியிருக்கிறது. விருந்தினர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துறைத் தலைவர் மட்டும் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு நாள் தவறாமல் முதல் மணி நேரத்திலிருந்து கடைசி மணி நேரம் வரை வகுப்பு. ஃப்ளெக்ஸை மழை வந்து கிழிக்கும் வரை யாரும் கழற்றவில்லை.

அப்பா அந்த வாரமே தானாகக் கோயிலில் ஒவ்வொருவரிடமும் போய், "அது தப்பாப் போயிடுத்து, குழந்தை மேலே தோஷம் இல்லே, வேறே யாரோ பண்ணினது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது வெகு நாள் கழித்து, பூக்கடையில் ஒரு மாமி சொல்லித்தான் தெரிந்தது. அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

குழுவை விட்டு விலகிவிடு என்று மனசு சொன்னது. விலகினால் பரீட்சையில் பாதியில் எழுந்து போனவள் என்றாகிவிடும். அதற்கு நான் தயாராக இல்லை. நான் பொறுக்கி வைத்திருந்த எல்லாப் புள்ளிகளையும், ஒவ்வொன்றாக, மூலப்படத்தில் வைத்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் செய்திருந்தார்கள், ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தேன். ஓரளவு பிரகாசமானவை எல்லாம் மூலத்திலும் இருந்தன. கீழே போகப் போக ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஆக மங்கலானவை என்று நான் கொண்டாடியவை எல்லாம் போலி. ஒவ்வொன்று மறையும்போதும் அவமானமாக இருந்தது. இன்னொன்றும் கூடவே புரிந்தது: அந்தப் பையன் வைத்த அவ்வளவு மங்கலானதையெல்லாம் என் கண் விடவில்லை. அதனால் சந்தோஷம் வரவில்லை. என் கண் தேறும் என்று எனக்கு முன்பே தெரியும், அதைத்தான் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. மேகத்தின் பிரகாசமான மடிப்பு ஒன்றுக்குள், போலி வைக்கிறவன் கூடத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுகிற இரைச்சலான இடத்தில் இருந்தது. எனக்கே அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாமல், பார்க்கலாம் என்று ஓரமாக வைத்திருந்தேன். மூலப்படத்தைத் திறந்தேன். இருந்தது. நீராவி வடிகட்டிக்கு மாற்றினேன். மங்கியது. அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தேன். இருந்தது. எடைக் கணக்கு முதல் புள்ளியைவிடவும் கீழே போயிற்று.

ஆடி மாதத்தில் நாக்கு வறண்டதே, அது மாதிரி எதுவும் நடக்கவில்லை. டிபன் டப்பாவை மூடினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டுக் கணினியில், கைபேசியில், நூலகத்துக் கணினியில் என்று அதை இறக்கி இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருந்தது, ஒவ்வொரு முறையும் நான் அதைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வரக்கூடிய நிமிஷம் அது. அதில் சந்தோஷப்படக் கூட விடாமல் செய்துவிட்டார்கள். அதற்காகத்தான் அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த கோரிக்கைக்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்கிற மூன்று பேரில் இன்னும் ஒருவராவது தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புள்ளிக்கும் நேரம் கேட்க முடியாது, அது என் போலிப் புள்ளிக்குப் பிறகு குழு போட்ட புது விதி. அந்த இரண்டு பேருக்கும் மேகத்தின் அந்த மடிப்பைப் பெரிய துண்டாக வெட்டி, இரண்டு வடிகட்டியிலும் அனுப்பினேன். 'இதற்குள் ஒன்று இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் வைக்கும் சோதனை. சோதனை என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்' என்று எழுதினேன். குழுத் தலைவருக்கும் பிரதி போட்டேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"என்னங்க இது, சின்னப் பசங்க மாதிரி. இடத்தைச் சொல்லுங்க, டைம் இல்லை."

"அவங்க பாக்கட்டும் சார். ரொம்ப வருஷமா இதுல இருக்கறவங்கதானே."

இரண்டு நாளில் ஒருவர், எதுவும் தெரியவில்லை, வெறும் இரைச்சல் என்று எழுதினார். மற்றவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு சரியான இடத்தைச் சொல்லி எழுதினார். எடையையும் கணக்குப் போட்டிருந்தார், என் கணக்கேதான். கடைசியில் தனி வரியாக ஒரு கேள்வி: 'தவறாக நினைக்க வேண்டாம். இது நிஜமா, அல்லது நீங்கள் வைத்ததா?'

அவரும் சந்தோஷப்படவில்லை. இவ்வளவு சின்னதை இதுவரை யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் நாங்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்குமே அதைப் பார்த்ததும் முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான். 'நான் வைக்கவில்லை' என்று தட்டினேன். பிறகு அதை அழித்தேன். என் வார்த்தையை அவர் ஏன் நம்ப வேண்டும்? என் வார்த்தையை இதுவரை யார் நம்பினார்கள்?

'மூலப்படம் பொதுவில் இருக்கிறது' என்று எழுதினேன். 'நான் போய்ப் பார்த்தேன். நீங்களும் போய்ப் பாருங்கள்.'